பிடில்காரர் விட்டுப்போன பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

நான் 11 ஆண்டுகளாக அமெரிக்காவில், வர்ஜீனியாவின் தென்மேற்கு மலைப்பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அப்பலாச்சிய மலைகளின் பழைய நாட்டுப்புற இசையை, இங்கே ‘ஓல்டு டைம்’ என்பார்கள், பிடிலில் வாசிப்பவர். என் மகள் அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். தாத்தா என்றே கூப்பிடுவாள். போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டார்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சுற்றுவட்டார மலைக் கிராமங்களுக்குப் போய், வயதான பிடில்காரர்கள் வாசிப்பதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். 140 கேசட், 40 ஸ்பூல் டேப், நான்கு நோட்டுப் புத்தகங்கள். அவர் மனைவிக்கு 84 வயது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போகிறார். மருமகன் எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிட்டுப் பெட்டிகளைக் கழித்துவிடலாம் என்கிறார். அந்த அம்மா என்னிடம் யோசனை கேட்டார். கேசட்டைக் கணினியில் ஏற்றும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி நானே செய்துவிடலாமா? இன்னொன்று, இது இவர்கள் மண்ணின் இசை. எங்கிருந்தோ வந்த நான் இதில் கைவைக்கலாமா என்று தயக்கமாகவும் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக மனதில் வைத்திருந்தேன். கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தயக்கம் தீராமல் மற்ற எதையும் நீங்கள் செய்யமாட்டீர்கள்.

ஜான் எட்வர்ட்ஸ் என்று ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் இருந்தார். அமெரிக்கத் தென்பகுதியின் பழைய இசைத்தட்டுகள் மேல் அவருக்குத் தீராத பித்து. அமெரிக்காவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. கடிதம் எழுதி எழுதியே தட்டுகளைச் சேர்த்தார், 1920களில் பதிவு செய்து பிறகு ஊரே மறந்துபோன பாடகர்களுக்குக் கடிதம் போட்டு விவரம் கேட்டார். 1960ல், 28 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய சேகரிப்பு கடல் தாண்டி அமெரிக்க நண்பர்களிடம் வந்தது. 1962ல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 1983ல் அந்தச் சேகரிப்பு வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்துக்குப் போனது. தென்பகுதி நாட்டாரியலுக்கென்று இன்று அங்கே இருக்கும் பெரிய ஆவணக் காப்பகத்துக்கு விதை அதுதான். மலைகளைக் கண்ணால் பார்க்காத ஒருவர் செய்த வேலை இது. நீங்கள் அந்த மலையிலேயே 11 வருஷமாக இருக்கிறீர்கள், உங்கள் பிள்ளை அந்தப் பிடில் வில்லைப் பிடித்துக் கற்றிருக்கிறாள். கை வைக்கலாம். எதை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு மட்டும் அந்த அம்மாவுடையது. அதை அவர் எடுக்க நீங்கள் துணையாக இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது டேப்புகள். தயவுசெய்து எதையும் இப்போதைக்கு ஓடவிடாதீர்கள். எழுபது, எண்பதுகளில் வந்த சில வகை ஸ்பூல் டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓடவிட்டால் கிறீச்சென்று கத்தும், துகள் உதிர்ந்து கருவியில் ஒட்டும். உதிர்ந்தது உதிர்ந்ததுதான். அதைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரம் போக்கி, அந்த இடைவெளியில் பிரதி எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டு அவனில் முயலவே வேண்டாம். அதைவிடப் பழைய, அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டேப்பாக இருந்தால் சூடு காட்டவே கூடாது. பெட்டியைத் திறந்ததும் புளிக்காடி (வினிகர்) வாசம் அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். கேசட்டுகளின் மேல் விளிம்பில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறதா பாருங்கள். அதை உடைத்துவிட்டால் தவறுதலாக யாரும் மேலே பதிவு செய்ய முடியாது. பெட்டிகள் நிலவறையிலோ பரணிலோ இருந்தால் வீட்டுக்குள் ஓர் அலமாரிக்கு மாற்றுங்கள். ஆனால் அவர் அடுக்கி வைத்த வரிசையைக் கலைக்காதீர்கள். எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே ஒரு தகவல். முதலில் எல்லாவற்றையும் இருந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள், உறையின் உள்பக்கமும் சேர்த்து.

நீங்கள் சொல்லும் சின்னக் கருவி வேண்டாம். மருமகன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் எம்பி3 என்பது கேட்பதற்கான வடிவம். காப்பதற்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு என்பது உலகம் முழுக்க ஒலிக் காப்பகங்கள் பின்பற்றும் அளவு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். 200 மணி நேரம் இருந்தாலும் 400 ஜிபிதான், சட்டைப்பையில் வைக்கக்கூடிய டிஸ்கில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் மூலப் பெட்டிகளைக் கழிக்கக் கூடாது.

இதெல்லாம் தொழில்நுட்பம், தெரிந்தவர்கள் செய்துவிடுவார்கள். உங்களால் மட்டுமே ஆகக்கூடியது வேறொன்று. அதைச் சொல்ல என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் பெரியப்பா வில்லுப்பாட்டுக்காரர். கோயில் கொடைகளில் அவர் பாடியதை என் அண்ணன் டேப்பில் பிடித்து வைத்திருந்தான். பெரியப்பா போன பிறகு அந்தக் கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்து சிடி ஆக்கினோம். கடைக்காரர் ‘சுத்தம்’ செய்து கொடுத்தார். உடுக்கை இறங்கியபின் பெரியப்பா தண்ணீர் குடித்துக்கொண்டே, இந்த மெட்டு எந்த அண்ணாவியிடம், அதாவது எந்த ஆசானிடம், வாங்கியது, இந்தக் கதையை எந்த ஊரில் எப்படி மாற்றிப் பாடுவார்கள் என்றெல்லாம் பேசுவார். அத்தனையும் வெட்டப்பட்டிருந்தது. கேசட்டைத் திருப்பிக் கேட்டபோது தூக்கிப்போட்டாயிற்று என்றார்கள். பாட்டு இருக்கிறது. ஆனால் அந்த அண்ணாவிகளின் பெயர் இன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இருபது வருஷம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

இதன் மறுபக்கம் உங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் நடந்திருக்கிறது. வர்ஜீனியாவும் மேற்கு வர்ஜீனியாவும் தொடும் இடத்தில், நியூ ரிவர் கரையில், கிளென் லின் என்று ஒரு சிறிய ஊர். ஹென்றி ரீட் என்ற பிடில்காரர் அங்கே இருந்தார். 1884ல் பிறந்தவர். ஃபுளோரிடாவிலிருந்து வந்து டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆலன் ஜபூர் என்ற மாணவர், முறைப்படி வயலின் கற்றவர், 1966லும் 67லும் அந்த வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்தார். ரீட் 1968ல் இறந்துபோனார். ஓரிரு வருஷம் தள்ளிப் போயிருந்தால் ஒன்றும் இருந்திருக்காது. ஜபூரும் நண்பர்களும் அந்த மெட்டுகளை வாசித்துப் பரப்ப, இன்று அமெரிக்கா முழுக்கப் பிடில் கூடல்களில் அவற்றை வாசிக்கிறார்கள். ஜபூர் பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். ரீட்டின் 184 பதிவுகளும் அந்த நூலகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இருக்கின்றன, ஜபூரின் களக்குறிப்புகளோடு.

அந்தக் குறிப்புகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ரீட் தன் மெட்டுகளில் சிலவற்றைக் குவின்ஸ் டில்லியன் என்ற கிழவரிடம் கற்றதாகச் சொல்கிறார். டில்லியன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர், படையில் குழல் வாசித்தவர். இந்த ஒரு பெயரால், 1966ல் பதிவான ஒலி ஒரே தாவலில் நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் போய்விடுகிறது. பெயர் இல்லையென்றால் அது நல்ல மெட்டு ஒன்று, அவ்வளவே.

ஆகவே முதல் வேலை, அந்த அம்மாவோடு உட்காருவது. டேப்பைப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு உறையிலும் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டிக் கேளுங்கள். இவர் யார், எந்தப் பள்ளத்தாக்கு, எந்த வீட்டில் உட்கார்ந்து வாசித்தது, கூட பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் வாசித்தது யார், அவர் யாரிடம் கற்றார். அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று அவர் சொன்னாலும் தடுக்க வேண்டாம். போனில் பதிவு செய்துகொண்டே இருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 84 வயது.

நோட்டுப் புத்தகத்தில் எங்குமே கேள்விப்படாத பெயர்கள் வந்தால் அங்கே கூடுதல் கவனம் வையுங்கள். குறிப்பாகக் கறுப்பின இசைஞர்கள். பான்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய வாத்தியம். ஆனால் 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வெள்ளையருக்கு ஒரு பட்டியல், கறுப்பருக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தன. கறுப்பருக்கு ப்ளூஸ், வெள்ளையருக்குப் பிடில் என்று ஆனது. பிடில் வாசித்த கறுப்பர்களின் தட்டுகள் மிகக் குறைவாகவே வந்தன. வட கரோலினாவின் ஜோ தாம்சனைப் போல ஒரு சிலர் 2000க்குப் பிறகும் இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் அந்த மரபு தொடர்கிறது. கம்பெனிகள் விட்ட ஓட்டையை இப்படித் தனி ஆட்கள் வைத்திருக்கும் டேப்புகள்தான் அடைக்க முடியும். உங்கள் தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒருவர் இருக்கலாம்.

சரி, எங்கே கொடுப்பது? உங்கள் மாநிலத்திலேயே ஃபெரம் கல்லூரியில் ப்ளூ ரிட்ஜ் நிலையம் இருக்கிறது, அந்த மலைத்தொடரின் நாட்டார் வழக்காறுக்கென்றே. சாப்பல் ஹில் இருக்கிறது. கென்டக்கியில் பெரியா கல்லூரி இருக்கிறது. பெரிய பெயரைவிட அருகில் இருக்கும் இடம் நல்லது என்பது என் எண்ணம், பதிவானவர்களின் பேரன் பேத்திகள் போய்க் கேட்க முடியவேண்டும். கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: எப்போது பிரதி எடுப்பீர்கள், பேச்சை வெட்டாமல் முழுதாக எடுப்பீர்களா, குடும்பத்துக்கும் வாசித்தவர்களின் வீட்டாருக்கும் ஒரு பிரதி உண்டா. நன்கொடைப் பத்திரத்தில் இதெல்லாம் இருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் மகளுக்கு ஒரு வேலை. இந்தப் பிடில்காரர்கள் மெட்டுக்கு மெட்டு தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பதை மாற்றுவார்கள். எந்த மெட்டுக்கு எந்தச் சேர்ப்பு என்று தாத்தா நோட்டில் நான்கு ஆங்கில சுர எழுத்துகளில் குறித்திருப்பார். ஏ, இ, ஏ, இ என்று பார்த்தாளானால் அவளிடம் சொல்லுங்கள், நம் கர்நாடக வயலினில் ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறோமே, அதே இடைவெளிதான். நம் தாத்தாக்களும் வயலினைப் பிடில் என்றுதானே சொன்னார்கள். அந்த நோட்டுகளை வாசிக்கத் தெரிந்தவள் உங்கள் தெருவில் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவிடம் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள், பிடிலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறையில் இருக்கும் பெயர் நினைவுக்கு வராவிட்டால் அவள் அந்த மெட்டை இரண்டு வரி வாசிக்கட்டும். யார் வாசித்தது என்று அவருக்கு ஞாபகம் வரும்.

அன்புடன்.