கேண்டில்ஸ்டிக் தொலைபேசிக்கு மணிப்பெட்டி எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் பழம்பொருள் கடையொன்றில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தயாரித்த, டயல் உள்ள, மெழுகுவர்த்தித் தாங்கி போல் தண்டாக நிமிர்ந்து நிற்கும் கேண்டில்ஸ்டிக் தொலைபேசி ஒன்றை வாங்கினேன். அடிப்பகுதியிலிருந்து வரும் துணியுறைக் கயிற்றில் பல நிறக் கம்பிகள் உள்ளன. எந்த இரண்டை லைனில் இணைக்க வேண்டும்? மணி எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் கையில் இருப்பது தொலைபேசியின் ஒரு பாதி மட்டுமே. பேசும் மைக், காதில் வைக்கும் ரிசீவர், அதைத் தொங்கவிடும் கொக்கியோடு சேர்ந்த சுவிட்ச், டயல் ஆகியவை தண்டில் இருக்கும். மணி, கண்டென்சர் (மின்தேக்கி), இன்டக்‌ஷன் காயில் (இரண்டு கம்பிச் சுற்றுகள் கொண்ட சுருள்) மூன்றும் சுவரிலோ மேசையின் பக்கவாட்டிலோ திருகப்பட்ட தனிப் பெட்டியில் இருக்கும். அதைச் ‘சப்செட்’ என்பார்கள். 534-ஏ, 634-ஏ போன்ற சப்செட் மாடல்கள் உங்கள் தண்டுக்குப் பொருந்தும். அழகுக்காகத் தண்டை வாங்குவோர் பலரும் இந்தப் பெட்டியைத் தேடுவதில்லை.

எக்ஸ்சேஞ்ச் லைனில் தருவது ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி). ரிசீவர் கொக்கியில் தொங்கும்போது மணி மட்டும் கண்டென்சர் வழியாக லைனோடு தொடர்பில் இருக்கும். கண்டென்சர் நேர்மின்சாரத்தைத் தடுத்து, அழைப்பு வரும்போது வரும் சுமார் 90 வோல்ட், 20 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை மட்டும் உள்ளே விடுவதால் மணி அடிக்கிறது. ரிசீவரை எடுத்தால் கொக்கி மேலே எழும்ப, மின்சாரம் காயிலின் ஒரு சுற்று வழியாகவும் மைக் வழியாகவும் ஓடும். உங்கள் குரல் மைக்கிலுள்ள கார்பன் துகள்களை அழுத்தித் தளர்த்தும்போது அதன் மின்தடை மாறி, அந்த ஏற்ற இறக்கமே பேச்சாக லைனில் செல்கிறது. ரிசீவர் காயிலின் மறு சுற்றோடு இணைந்திருப்பதால், பேச்சின் அலை மட்டும் அதை அடையும். மணிக்குக் காவல் நின்ற அதே கண்டென்சர்தான் இப்போது ரிசீவருக்குள் நேர்மின்சாரம் புகாமல் தடுக்கிறது. ஒரே உறுப்பை இரண்டு வேலைக்குப் பயன்படுத்திய இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

பெட்டியில்லாமல் மைக்கையும் ரிசீவரையும் தொடராக லைனில் கொடுத்தாலும் பேச முடியும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் மணி அடிக்காது, உங்கள் குரலே உங்கள் காதில் இரையும், பேசும் நேரமெல்லாம் நேர்மின்சாரம் பாயும் ரிசீவரின் காந்தம், இணைப்பு தலைகீழாக இருந்தால், நாளடைவில் வலுவிழக்கும். ஆகவே பெட்டியைத் தேடி வாங்குங்கள். கம்பிகளின் நிறத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். நூறாண்டில் எத்தனை பேர் பிரித்து மாட்டினார்களோ! லைனைத் துண்டித்துவிட்டு, கொக்கியை ஏற்றியும் இறக்கியும் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியும் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எண்களைச் சுழற்றினாலும் டயல் டோன் நிற்பதில்லை. டயல் பழுதா?

பதில்: டயலில் உள்ள ஒரு தொடுமுனை, விரலை எடுத்தபின் டயல் திரும்பி வரும்போது லைனை நொடிக்கு சுமார் 10 முறை வெட்டி வெட்டி இணைக்கிறது, 3 என்றால் மூன்று வெட்டு, 0 என்றால் பத்து. 0-ஐச் சுழற்றிவிட்டால் டயல் ஒரு நொடியைச் சற்றுத் தாண்டி ஓய வேண்டும்; இழுத்துக்கொண்டே வந்தால் உள்ளேயிருக்கும் வேகக்கட்டுப்பாட்டில் பழைய எண்ணெய் பிசுபிசுத்திருக்கலாம். டயல் ஒழுங்காகத் திரும்பியும் டோன் நிற்காவிட்டால், சந்தேகம் உங்கள் வீட்டு இணையப் பெட்டியின் மீது திரும்ப வேண்டும். அத்தகைய பெட்டிகளில் பலவும் பொத்தான் ஒலியை மட்டுமே புரிந்துகொள்ளும், வெட்டுகளை அல்ல. வெட்டுகளை ஒலியாக மாற்றும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. அதை இடையில் மாட்டினால் போதும், டயலைப் பிரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: கயிறு நைந்துவிட்டது. உள்ளிருக்கும் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது சாதாரணக் கம்பியன்று. நூலின் மேல் மெல்லிய செப்புத் தகடு சுற்றியது. சூட்டில் நூல் கருகி, தகடு பிய்ந்துவிடும். முனையில் முள்கரண்டி போன்ற உலோக வாய் அழுத்திப் பொருத்தப்பட்ட மாற்றுக் கயிறுகள் சேகரிப்பாளர்களுக்கென்றே இன்றும் தயாராகின்றன. பழைய கயிற்றைக் கழற்றுமுன், அடித்தட்டைத் திறந்து, எந்தத் திருகில் எந்தக் கம்பி என்று ஒரு படம் எடுத்துவிடுங்கள்.