இரண்டு நாட்டில் பிஆர்: எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: நானும் மனைவியும் இந்தியக் குடிமக்கள். சிங்கப்பூரில் குடும்பமாக நிரந்தரவாசிகள். இரண்டரை ஆண்டுக்கு முன் கனடா பிஆரும் (நிரந்தரவாசமும்) கிடைத்தது. டொராண்டோவில் போய் இறங்கி, கார்டை நண்பர் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. இரண்டு பிஆரையும் வைத்திருப்பது சட்டப்படி சரியா? எவ்வளவு காலம் ஓட்டலாம்? இங்கே வேலை போனாலும் அங்கே போய்விடலாம் என்ற தைரியத்துக்காகத்தான் விடாமல் வைத்திருக்கிறோம்.
– பூன் லே வாசகர், சிங்கப்பூர்

பதில்: சட்டப்படி சரிதான். இன்னொரு நாட்டில் நிரந்தரவாசம் இருக்கக் கூடாது என்று கனடாவும் சொல்லவில்லை, சிங்கப்பூரும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவருக்கு வேலை போனால், அனுமதி ரத்தான பிறகு பொதுவாக முப்பது நாள்தான். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த முப்பது நாளில் பட்ட பாட்டைச் சொல்லி அழுதவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அந்த நிலையில் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குக் கவலை தருகின்றன. கனடாவுக்கு இனி மீதம் இருக்கும் ஆறு மாதம் ஒன்று. உங்கள் மகனின் வயது இன்னொன்று.

முதலில் கனடா. எந்த ஐந்து ஆண்டை எடுத்துப் பார்த்தாலும் அதில் 730 நாள் நீங்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சலுகை: முதல் ஐந்தாண்டு முடிவதற்குள் அந்த 730 நாளை எட்ட இன்னும் வாய்ப்பு இருந்தால் போதும். அதாவது முதல் மூன்று ஆண்டு வெளியே இருந்துவிட்டு, மீதி இரண்டு ஆண்டு முழுக்க அங்கேயே இருந்தாலும் கணக்கு நேராகிவிடும். நீங்கள் இரண்டரை ஆண்டைக் கடந்துவிட்டீர்கள். இன்னும் ஆறு மாதம் கழித்துப் போனால், அதன் பிறகு அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்கு வரக்கூட நாள் மிஞ்சாது.

கார்டில் அச்சிட்ட ஐந்தாண்டுத் தேதியைப் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள். கார்டு காலாவதியாவது வேறு, நிரந்தரவாசம் போவது வேறு. கார்டு செல்லுபடியாக இருக்கும்போதே விமான நிலையத்தில் அதிகாரி நாள் கணக்கு கேட்டு, போதாது என்று அறிக்கை எழுதலாம். மேல்முறையீடு உண்டு, மனிதாபிமானக் காரணங்களையும் பார்ப்பார்கள். படுத்த படுக்கையாக இருந்த தாயைப் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு அங்கே மதிப்பிருக்கும். சிங்கப்பூரில் சம்பளம் நன்றாக இருந்தது என்பதற்கு இருக்காது.

அப்புறம், கனடிய நிறுவனம் ஒன்றுக்கு சிங்கப்பூரிலிருந்தே கணினியில் வேலை பார்த்தால் அந்த நாட்களும் சேரும் என்று ஏஜென்ட் யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். கனடிய நிறுவனத்தின் முழுநேர ஊழியராக இருந்து, அந்த நிறுவனமே உங்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பியிருந்தால்தான் சேரும். கனடியக் குடிமகனான கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்களும் சேரும். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இனி மகன். சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளைக்கு தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைச் சேவை, கடமை. பதினாறரை வயதில் பதிவு, அதன் பின் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. 13 வயதிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளிச்செல்லும் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் பையனுக்கு அது அடுத்த ஆண்டே தொடங்கிவிடுகிறது. சேவை செய்யாமல் பிஆரைத் திருப்பிக் கொடுத்தால், பிற்காலத்தில் அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும். கனடியக் குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தக் கடமை தானாகக் கழன்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் பிஆர் கையில் இருக்கும்வரை கடமையும் இருக்கிறது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பெரியவர்கள் தங்கள் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் ஒரு பிஆரின் பொறுப்பு பிள்ளையின் தலையில் விழுகிறது என்றால், அதை அவனிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும். 12 வயது, கேட்டுப் புரிந்துகொள்ளும் வயதுதான்.

சிங்கப்பூர் பக்கம் நாள் கணக்கு கிடையாது என்பது உண்மை. அங்கே எல்லாம் ரீ-என்ட்ரி பெர்மிட்டை, அதாவது வெளிநாடு போய் பிஆராகவே திரும்பி வருவதற்கான அனுமதியை, பொறுத்தது. பொதுவாக ஐந்தாண்டுக்குத் தருவார்கள். புதுப்பிக்கும்போது வேலை, வருமானம், குடும்பம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். ஓராண்டுக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு. அது செல்லாத நிலையில் வெளிநாட்டில் இருந்தால் பிஆரே கையை விட்டுப் போகலாம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால், நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பமாகக் கிளம்பினால் பெரும்பாலும் விற்கத்தான் வேண்டியிருக்கும். மத்திய சேமநிதிப் பணத்தை முழுதாக எடுக்க வேண்டுமென்றால் பிஆரைத் துறந்துவிட்டு நிரந்தரமாக வெளியேற வேண்டும். பிஆரும் இருக்கட்டும், பணமும் வரட்டும் என்பது நடக்காது.

பலர் தேர்ந்தெடுக்கும் வழி, மனைவியும் பிள்ளைகளும் கனடாவில், கணவர் சிங்கப்பூரில். நான் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். இந்த ஏற்பாட்டில் இருந்த குடும்பங்கள் வரிக் காலத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து திகைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். பிஆர் கார்டு இருப்பதால் மட்டும் ஒருவர் கனடாவில் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் மனைவி, பிள்ளைகள், குடியிருக்கும் வீடு மூன்றும் அங்கே இருந்தால், கணவரையும் கனடாவில் வசிப்பவராகக் கருத வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. அப்படிக் கருதினால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இரு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது, அதை வைத்து வாதாடலாம். வாதாட ஆவணம் வேண்டும், பணம் வேண்டும். சிங்கப்பூரில் வருமான வரியின் உச்ச விகிதமே 24 விழுக்காடு. ஒன்டாரியோவில் மத்திய வரியும் மாகாண வரியும் சேர்ந்து உச்சத்தில் 53 விழுக்காட்டைத் தாண்டும்.

போவது என்று முடிவெடுத்தால் ஒரு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். ஊரில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், பங்குகள், நிலம் எல்லாவற்றுக்கும், கனடாவில் வசிக்கத் தொடங்கும் நாளின் சந்தை மதிப்புக்குச் சான்று வாங்கி வையுங்கள். பின்னால் விற்கும்போது அந்த மதிப்புக்கு மேலான லாபத்துக்குத்தான் கனடா வரி கேட்கும். பத்தாண்டு கழித்து அந்தச் சான்றைத் தேடி அலைவது பெரும் பாடு. வெளிநாட்டுச் சொத்தின் அடக்க விலை மொத்தம் ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் ஆண்டுதோறும் தனிப் படிவமும் உண்டு.

என் யோசனை இது. இன்னும் ஆறு மாதத்துக்குள் கனடாவில் வாழப் போகிறீர்களா இல்லையா என்பதை இந்த மாதமே முடிவு செய்யுங்கள். போகவில்லை என்றால், மனக்குறை இல்லாமல் அதை விட்டுவிட்டு மகனை தேசிய சேவைக்குத் தயார் செய்யுங்கள். மனைவி மட்டும் பிள்ளைகளோடு போவதானால், உங்கள் கனடா பிஆர் போனாலும் பயப்பட வேண்டாம். கனடாவில் வசிக்கும் நிரந்தரவாசி தன் கணவரை ஸ்பான்சர் செய்யலாம். ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாள் அங்கே இருந்து மனைவி குடியுரிமை பெற்றுவிட்டால், குடிமகளான மனைவியுடன் வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்களும் சேரும் என்று மேலே சொன்ன விதி உங்களுக்கும் கைகொடுக்கும்.

கேள்வி: இரண்டு மூன்று நாட்டில் பிஆர் எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட் பறிபோகுமா?
– சென்னை வாசகர்

பதில்: போகாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவருக்குத்தான் இந்தியக் குடியுரிமை போகும் என்கிறது. நிரந்தரவாசத்துக்கு அது பொருந்தாது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கோவையில் தனியாக இருக்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் தம்பி க்ரீன் கார்டு எடுத்துக் கொடுத்தான். ஆண்டுக்கு ஒருமுறை போய் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். நான் மெல்பர்னில் இருக்கிறேன். நானும் அவருக்கு ஆஸ்திரேலியா பிஆர் எடுத்தால், இரண்டு பிள்ளைகள் வீட்டிலும் நினைத்தபோது இருக்கலாமே?
– மெல்பர்ன் வாசகி

பதில்: உங்கள் பாசம் புரிகிறது அம்மா. ஆனால் கடிதத்தில் அம்மாவுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

க்ரீன் கார்டு அமெரிக்காவில் குடியிருப்பவருக்கானது. ஆண்டுக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டினால் போதும் என்பது நம்மவர்களிடையே வேரூன்றிவிட்ட தவறான நம்பிக்கை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலே கேள்வி வரும். ஓராண்டைத் தாண்டுவதானால் முன்கூட்டியே ரீ-என்ட்ரி பெர்மிட் வேண்டும். அதற்கு அமெரிக்காவில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். கால வரம்புக்குள்ளே போய் வந்தாலும், இவர் உண்மையில் கோவைவாசி என்று அதிகாரிக்குப் பட்டால் போதும். அந்த நேரத்தில் கார்டை ஒப்படைப்பதாகக் கையெழுத்துக் கேட்டால், அம்மா விருப்பமில்லாமல் போட வேண்டாம். குடிநுழைவு நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இதை ஒரு தாளில் தமிழில் எழுதி அவர் கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.

வரியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். க்ரீன் கார்டு இருக்கும்வரை, அவர் எங்கே இருந்தாலும், கோவை வங்கியின் வட்டி, அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அமெரிக்கக் கணக்கில் வர வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ளது மொத்தமாக எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். கோவையில் நிரந்தர வைப்பு வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அது சர்வசாதாரணமான தொகை. கார்டு காலாவதியானாலும் இந்தக் கடமை தீராது. முறைப்படி ஒப்படைக்க வேண்டும். 15 ஆண்டில் 8 ஆண்டு கார்டு வைத்திருந்தவர் ஒப்படைக்கும்போது, கார்டை விடுபவருக்கு அமெரிக்கா விதிக்கும் ‘வெளியேறும் வரி’ விதிகளையும் பார்க்க வேண்டும். எனவே எத்தனையாவது ஆண்டு என்று தம்பியிடம் இப்போதே கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில், பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற சோதனையில் அம்மா தேறுவார். ஆனால் பங்களிப்புடன் கூடிய பெற்றோர் விசாவுக்கு ஒருவருக்கே 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். காத்திருப்பு பத்தாண்டுக்கும் மேல். 68 வயதுத் தாயை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஸ்பான்சர் செய்யும் 870 எனும் தற்காலிகப் பெற்றோர் விசா இருக்கிறது. அது பிஆர் ஆகாது; உங்களுக்குத் தேவையும் பிஆர் இல்லையே, அம்மா பக்கத்தில் இருப்பதுதானே. கோவையே அவர் வீடு என்றால் க்ரீன் கார்டை மரியாதையாக ஒப்படைத்துவிட்டு, அமெரிக்காவுக்கு வருகையாளர் விசா கேட்கலாம். தானாக முன்வந்து ஒப்படைத்தவர் என்ற பதிவு அவருக்கு நன்மைதான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நான் சுவிஸ் பேர்னில் ‘சி’ எனும் நிரந்தர வதிவிட அனுமதியோடு இருக்கிறேன். கணவருக்கு லண்டனில் நிரந்தர வதிவிடம். அவரிடம் போய், அங்கும் நிரந்தர வதிவிடம் எடுத்து, சுவிஸ் அனுமதியையும் வைத்திருக்க முடியுமா?
– பேர்ன் வாசகி

பதில்: ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்தால் சி அனுமதி தானாகவே இல்லாமல் போகும். இடையில் சில நாட்கள் வந்து தலைகாட்டினாலும் அந்த ஆறு மாதக் கணக்கு அறுபடாது. ஆறு மாதம் முடியுமுன் மாநிலக் குடிவரவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், நான்கு ஆண்டு வரை அனுமதியைக் காத்து வைக்கலாம். லண்டனில் துணைவர் விசாவில் போகிறவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்க ஐந்து ஆண்டு. நான்குக்குள் ஐந்து அடங்காது.

ஆகவே கேள்வியை மாற்றிப் பார்க்கலாம் தங்கச்சி. சுவிஸில் பத்து ஆண்டு வாழ்ந்து, சி அனுமதியும் இருந்தால் அந்த நாட்டின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். சுவிஸ் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. குடிமகளாகிவிட்டால் எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும் உங்கள் உரிமையை யாரும் நாள் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க கொழும்புக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கணவர் உங்களிடம் வந்து இருப்பதானால், தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அவருடைய வதிவிடம் போய்விடும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

அதற்கெல்லாம் முன், நகரசபையில் வதிவுப் பதிவை நீக்கும் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். பதிவை நீக்கிய அன்றே சி அனுமதி போய்விடும். முதலில் காத்து வைக்கும் மனு, அதற்குப் பதில் எழுத்தில் வந்த பிறகே லண்டன் டிக்கெட்.