வாரத்துக்கு 147 தட்டு

அன்புத் தங்கைக்கு,

வெளிநாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, வீட்டில் ஏழு பேர், நீங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், மாமனார் மாமியார், சம்பளம் ஒருவருக்குத்தான் என்று எழுதியிருந்தீர்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மளிகைக் காசு ஐந்தாம் நாளே தீர்ந்துவிடுகிறது, இங்கே நெடுநாள் இருப்பவர்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் ஒரு வரி வருகிறது: "பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் குறை வைக்கவில்லை, நான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன்." அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் காசு.

நான் வந்து 22 வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் எங்கள் வீட்டில் எட்டுப் பேர். வந்த புதிதில் ஒரு நாள் கடையில் பில் போடும்போது காசு போதவில்லை. பின்னால் நீண்ட வரிசை. பில் போடும் பெண் பொறுமையாகத்தான் காத்திருந்தாள், ஆனால் எனக்குக் கை நடுங்கியது. அவசரத்தில் முட்டை அட்டையையும் பருப்புப் பொட்டலத்தையும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். பழச்சாறும் பிஸ்கட்டும் சின்னவன் கையில் இருந்ததால் அவை வீட்டுக்கு வந்தன. அந்த வாரம் எட்டுப் பேருக்கு முட்டையும் இல்லை, பருப்பும் இல்லை. எதை விட்டால் எத்தனை வேளைச் சாப்பாடு போகும் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டுக் கணக்கு நேரானது.

அதனால் காசைப் பொருளுக்குப் பிரிக்காதீர்கள், தட்டுக்குப் பிரியுங்கள். ஏழு பேர், மூன்று வேளை, ஏழு நாள். 147 தட்டு. உங்கள் வாரக் காசை 147-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு எவ்வளவு என்று வரும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் இது எத்தனை தட்டுக்கு வரும் என்று ஒரு நொடி யோசியுங்கள். நான்கு தட்டுக்கு மட்டும் வரும் பொருள் பன்னிரண்டு தட்டுக் காசைக் கேட்டால், கை தானாக அதை அலமாரியிலேயே வைத்துவிடும். பள்ளி நாட்களில் பிள்ளைகள் கொண்டுபோகும் 15 டப்பாவும் இந்த 147-க்குள்தான் அடங்கும். பலர் அதைத் தனிச் செலவாக நினைத்துத் தின்பண்டமாக வாங்கிப் போட்டு ஏமாந்துபோகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு விலையையும் ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா, அது. வந்த புதிதில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மாற்றிப் பார்த்தால் எல்லாமே அநியாய விலையாகத் தெரியும். எது இங்கே மலிவு, எது இங்கே விலை அதிகம் என்ற வித்தியாசம் மங்கிப்போகும். ஊரில் மலிவாகக் கிடைத்தது இங்கே விலை உயர்ந்ததாக இருக்கலாம், அங்கே எட்டாதது இங்கே சாதாரணமாகக் கிடைக்கலாம். சம்பளம் வருவது இந்த ஊர்க் காசில். ஒப்பிடுவதையும் இந்த ஊர்க் காசிலேயே செய்யுங்கள்.

கடை அலமாரியில் விலைச் சீட்டு இருக்கும் அல்லவா, அதில் பெரிய எழுத்தில் இருப்பது பொட்டலத்தின் விலை. பல நாடுகளில் அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கிலோ அல்லது 100 கிராம் என்ன விலை என்று போட்டிருப்பார்கள். நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு நடுத்தரப் பொட்டலம் சலுகையில் வரும்போது பெரியதைவிடக் குறைவாக இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடையின் சொந்தப் பெயரில் வரும் அரிசி, மாவு, எண்ணெய், உப்பு, பால் எல்லாம் வழக்கமாகக் கீழ்த்தட்டில் இருக்கும். குனிந்து பாருங்கள்.

பருப்பும் பயறும் உங்கள் வீட்டின் முதுகெலும்பாக இருக்கட்டும். ஒரு கிலோ உலர்ந்த கொண்டைக்கடலை வெந்தால் ஏறத்தாழ இரண்டரை கிலோ ஆகும். டப்பாவில் வேகவைத்து விற்பதைப் பாருங்கள், 400 கிராம் டப்பாவில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம்தான் மிஞ்சும். அதாவது ஒரு கிலோ உலர்ந்த கடலை பத்து டப்பாவுக்குச் சமம். இரண்டு விலையையும் வைத்துப் பாருங்கள், ஊறப்போட மறந்த நாளுக்கு மட்டும் டப்பா போதும் என்று உங்களுக்கே தோன்றும். உலர்ந்த பருப்பில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கும் லைசின் என்ற சத்து பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவது தானியத்தில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் தட்டுக்கு வந்தால் பிள்ளைகளுக்கு இறைச்சி போடவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபை 2016-ஆம் ஆண்டைச் சர்வதேசப் பயறு ஆண்டாக அறிவித்ததற்கு இந்தச் சத்தும் ஒரு காரணம்.

சிவப்புக் கிட்னி பீன்ஸ் மட்டும் கவனம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் நேராகப் போட்டால் நச்சு போகாது, வீடே வாந்தியில் படுத்துவிடும். பிரஷர் குக்கர் இருந்தால் நல்லது.

இறைச்சி வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் முழுக் கோழி வாங்குங்கள். எலும்பில்லாத துண்டுகளைவிட முழுக் கோழி பெரும்பாலும் கிலோவுக்குக் குறைந்த விலையில் வரும். அறுத்துத் துண்டாக்கி வைத்திருப்பதற்கும் நாம்தான் கூலி கொடுக்கிறோம். முதல் நாள் துண்டுகளைக் குழம்பாக வையுங்கள். எலும்பிலும் முதுகிலும் ஒட்டியிருப்பதை உதிர்த்து மறுநாள் காய்கறியோடு சோற்றில் புரட்டுங்கள். எலும்பை வெங்காயம், மிளகோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஒரு கை பருப்புப் போட்டுச் சூப்பாக்குங்கள். ஒரு கோழியில் ஏழு பேருக்கு மூன்று வேளை, 21 தட்டு. நான் பல வருடம் இதைச் செய்திருக்கிறேன். மூன்றாம் வேளைச் சூப்புக்குத்தான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

சரி, உங்கள் காசு ஐந்தாம் நாளே தீர்வதற்கு வருவோம். என் கணிப்பில் அது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஒன்று, வாரத்துக்கு ஒரு தடவை போகாமல் பாலுக்கு, ரொட்டிக்கு என்று நடுவில் மூன்று தடவை கடைக்குப் போவது. பால் வாங்கப் போகிறவர் பாலோடு மட்டும் திரும்புவதில்லை. ஒருவர், ஒரு நாள், ஒரு பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பால் தீர்ந்தால் சமாளிக்கப் பால்பவுடர் ஒரு டப்பா இருக்கட்டும். கொழுப்பு நீக்கிய பவுடர் ஒரு கிலோவில் ஏறத்தாழ பத்து லிட்டர் பால் வரும், டீக்கும் சமையலுக்கும் குறையே தெரியாது. (கைக்குழந்தை இருக்கிற யாராவது இதைப் படித்தால், குழந்தைக்கான பால்மாவை மட்டும் காசு மிச்சம் பிடிக்க ஒருபோதும் அதிகத் தண்ணீர் விட்டுக் கலக்காதீர்கள். குழந்தையின் உயிருக்கே ஆபத்து.)

இரண்டாவது ஒழுகல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில். போய்த் திறந்து பாருங்கள். நான் திறந்தபோது கவருக்குள் கறுத்துக் கூழாகிக் கிடந்த கீரைக் கட்டு ஒன்று, முளைவிட்ட காரட் மூன்று, பாதி அறுத்து வாயைச் சுருட்டி வைத்த முட்டைக்கோஸ். அத்தனையும் நான் காசு கொடுத்து வாங்கியவை. அதன் பிறகு காய்களை ஒரு வரிசை வைத்துச் சமைக்க ஆரம்பித்தேன். கீரை, தக்காளி, வெள்ளரி போன்ற மெல்லியவை முதல் மூன்று நாள். பீன்ஸ், காலிஃபிளவர் நடுவில். முட்டைக்கோஸ், காரட், பூசணி, உருளைக்கிழங்கு கடைசி நாட்களுக்கு. அதற்கும் பிறகு தேவைப்பட்டால் ஃப்ரீசரில் உறைந்த பட்டாணியும் கீரையும் இருக்கும். பறித்த கையோடு உறையவைப்பதால் அவற்றில் சத்து பெரிதாகக் குறைவதில்லை. ஃப்ரோசன் என்றால் மட்டம் என்று மாமியார் சொன்னால், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கடைக்குப் போவதற்கு முந்தின நாள் புதிதாக எதையும் வெட்டாமல், இருப்பதை எல்லாம் ஒழித்துச் சமைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பொட்டலத்தில் இருக்கும் தேதியில் இரண்டு வகை உண்டு. இந்தத் தேதிக்குள் உண்ணவும் என்று இருந்தால் அது பாதுகாப்புக்கான எச்சரிக்கை. இறைச்சி, மீன் போன்றவற்றில் இருக்கும், தாண்டினால் தொடாதீர்கள். இந்தத் தேதிவரை சிறப்பாக இருக்கும் என்று இருந்தால் அது சுவைக்கும் தரத்துக்கும் சொல்வது. அரிசி, மாவு, பிஸ்கட் எல்லாம் அந்தத் தேதி தாண்டியும் கெடாமல் இருக்கும். இது தெரியாமல் முதல் வருடம் நான் நல்ல மாவைக் குப்பையில் போட்டிருக்கிறேன். தேதி நெருங்கியதை மாலையில் பாதி விலைக்குத் தரும் கடைகள் உண்டு. வாங்கினால் அன்றே சமைத்துவிடுங்கள், அல்லது அன்றே ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து, பையைத் தட்டையாக அழுத்தி, தேதி எழுதி வைத்தால் சீக்கிரம் உறையும், அடுக்கவும் இடம் இருக்கும். உறைந்ததை முந்தின நாளே ஃப்ரிட்ஜுக்குள் மாற்றி இளகவிடுங்கள்.

மிச்சச் சோற்றை அடுப்பு மேலேயே இரவு முழுக்க விட்டுவைக்க வேண்டாம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் பெருகி நஞ்சு உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிடுங்கள்.

மூட்டையாக வாங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். மூட்டைக்குக் கையில் காசு வேண்டுமே, அதை யாரும் சொல்வதில்லை. வாரக் காசில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அது சேரச் சேர ஒவ்வொன்றாக வாங்குங்கள். முதலில் அரிசி மூட்டை, அடுத்து பருப்பு, அதற்கடுத்து எண்ணெய், அப்புறம் மாவு. சில மாதத்தில் வீட்டில் ஒரு கையிருப்பு வந்துவிடும். சம்பளம் தாமதமானாலும் யாரிடமும் கை நீட்டாமல் ஒரு வாரம் ஓட்டலாம்.

உதவி கேட்கவும் தயங்காதீர்கள். பல நாடுகளில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ மதிய உணவு கிடைக்கும். பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். இலவச உணவுப் பொருள் தரும் மையங்களும் இருக்கும். அரசு உதவி எதற்காவது விண்ணப்பிக்கும் முன்பு, உங்கள் விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் மூன்று வருடம் வெட்கப்பட்டுக் கேட்காமலே இருந்தேன். கேட்ட அன்றே பெரியவளுக்குப் பள்ளியில் சாப்பாடு கிடைத்தது. அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்த வரி. "நான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன்."

நானும் அப்படித்தான் இருந்தேன். எல்லோரும் எழுந்த பிறகு சட்டியின் அடியைச் சுரண்டிச் சாப்பிட்டு, மேலே ஒரு கப் டீ குடித்துவிடுவேன். மூன்றாம் வருடம் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்தேன். இரத்தத்தில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்று மருத்துவர் சொன்னார். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, பருப்போடு எலுமிச்சையோ தக்காளியோ இருந்தால் நன்றாகச் சேரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாத்திரை சாப்பிட்டுத் தேறினேன். அதைவிட, அந்த வாரம் ஒரு நாள் பெரியவள் தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள். ஏன் என்று கேட்டேன். "உனக்கு இருக்காதே அம்மா" என்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நான் சாப்பிடாததை அவள் எத்தனை நாளாகக் கவனித்திருக்கிறாளோ.

அடுத்த வாரக் கணக்கு எழுதும்போது கூட்டிப் பாருங்கள். 126 என்று வந்தால் உங்கள் 21 தட்டு அதில் இல்லை என்று அர்த்தம். அந்த 21-ஐயும் சேர்த்து எழுதிவிட்டு, அதன் பிறகு கடைக்குக் கிளம்புங்கள். பரிமாறும்போது ஏழு தட்டையும் ஒன்றாக வையுங்கள். முதல் பட்டியல் போட்டு முடித்ததும் எனக்கு எழுதுங்கள், எங்கே குறைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா