எருதும் இரும்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நமீபியா பயணக் குறிப்பில் ‘இங்கே ரயிலைக் கொண்டுவந்தவை மாடுகள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஜெர்மானியர்கள் அல்லவா போட்டார்கள்? படத்திலிருந்த எஞ்சின் டார்ஜிலிங் பொம்மை ரயில் போல இருக்கிறது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு ஏன் அத்தனை ஒடுங்கிய பாதை?

ர.

அன்புள்ள ர.,

நான் சொன்னது செத்த மாடுகளை. நமீபியா அப்போது ஜெர்மன் காலனி. கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டில் கப்பல் இறக்கிய சரக்கைத் தலைநகர் வின்ட்ஹுக்குக்கு எருது வண்டிகள்தான் கொண்டுபோயின. நடுவே நமீப் பாலை. புல் கிடையாது, தண்ணீர் அரிது. 1897இல் வெக்கை நோய் வந்து மந்தைகளை வாரிக்கொண்டு போனது. வண்டிகள் நின்றன. அந்த வருடமே தண்டவாளம் போடத் தொடங்கிவிட்டார்கள்.

அகலம் 600 மில்லிமீட்டர். டார்ஜிலிங்கைவிட ஒரு விரற்கடை குறைவு. காரணம் அவசரம்தான். போர்முனைக்கென்று ராணுவம் வைத்திருந்த தண்டவாளம் தயாராக இருந்தது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து மணலில் கிடத்தி இணைத்துவிடலாம். முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன. பிறகு முதுகோடு முதுகு ஒட்டிய ஜோடி எஞ்சின்கள். ஜெர்மனில் ‘இரட்டையர்’ என்றே பெயர். 1902 ஜூனில் பாதை வின்ட்ஹுக் வந்து சேர்ந்தது, 382 கிலோமீட்டர்.

அடுத்தது சுமெப் செம்புச் சுரங்கத்துக்கு 567 கிலோமீட்டர், அதே அகலத்தில். 1903இல் வேலை தொடங்கியது. பாதைக்கு இருபுறமும் நிலமும் நீரும் வேண்டும் என்று ரயில் நிறுவனம் கேட்டது. மாடு மேய்த்து வாழ்ந்த ஹெரேரோக்களிடம் போய் இதைக் கேட்டால் என்ன ஆகும்? 1904 ஜனவரியில் அவர்கள் கிளர்ந்தெழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று. கிளர்ச்சியை நசுக்கிய பிறகு கைதிகளை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, அதே பாதையில் வேலைக்கு விட்டார்கள். 1906இல் முடித்தார்கள்.

தெற்கே லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து போட்ட பாதை கொஞ்சம் அகலம், 1067 மில்லிமீட்டர். அங்கே 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை வேலை செய்த கைதிகள் 2014 பேர், செத்தவர்கள் 1359. ஜெர்மானியர்களே எழுதிவைத்த கணக்கு இது. 1908இல் அந்தப் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு வைரத்தைக் கண்டெடுத்து மேற்பார்வையாளர் ஸ்டௌக்கிடம் கொடுத்தார். பணக்காரர் ஆனவர் ஸ்டௌக்.

சுமெப் பாதையை 1960இல்தான் அகலப்படுத்தினார்கள். நீங்கள் படத்தில் பார்த்த எஞ்சின் வின்ட்ஹுக் நிலைய வாசலில் நிற்கிறது. ஏறிப் பார்க்கலாம் என்றுதான் போனேன், வெயிலில் கைப்பிடியைத் தொட முடியவில்லை.