நீர்க்கடன்

கேள்வி: சென்ற இதழில் தாமிரபரணிக்கும் கூந்தன்குளத்துப் பறவைகளுக்கும் நாம் ‘கடமைப்பட்டிருக்கிறோம்’ என்று எழுதியிருந்தீர்கள். கடமை என்பது கொடுக்கல் வாங்கல். ஆறு எனக்கு என்ன வாக்குக் கொடுத்தது? தண்ணீர் வேண்டும், அதனால் ஆற்றைக் காப்போம் என்றால் புரிகிறது. அதற்கு மேல் பேசுவதெல்லாம் கவிதை. போன ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, வழக்கப்படி வேட்டியை ஆற்றில் விட்டேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் முறைத்தான். நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? மஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கே நியாயம் கிடைக்காத ஊரில் ஆற்றுக்கு நியாயமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கொலையெல்லாம் இல்லை. பையன் முறைத்ததும் கொஞ்சம் அதிகம்தான். அப்பாவை நினைத்துக்கொண்டு ஈர வேட்டியோடு நிற்கிறவரை முறைக்கக் கூடாது. ஆனால் சார், கேள்விக்குப் பதிலை உங்கள் கடிதத்திலேயே வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தீர்களே, அது என்ன கொடுக்கல் வாங்கல்? அவர் திரும்பி வந்து உங்களுக்கு ஒன்றும் செய்யப் போவதில்லை. நீங்கள் போகாமல் வீட்டிலேயே படுத்திருந்தாலும் கேஸ் போட மாட்டார். பித்ரு சாபத்துக்குப் பயந்து போனேன் என்று சொல்வீர்களானால் நான் நம்ப மாட்டேன். விடியும் முன் பஸ் ஏறி, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இடிபட்டு, படித்துறையில் கால் வைக்க இடம் தேடி நிற்பவர் வெறும் பயத்தில் வந்தவர் இல்லை. அவரால் பிறந்தோம், அவர் போட்ட சோற்றில் வளர்ந்தோம். வாங்கியாயிற்று, திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, கடன் மட்டும் நிற்கிறது. இதற்குத் தமிழில் நீர்க்கடன் என்றே பெயர். அந்தக் கடனைக் கழிக்க நீங்கள் இரண்டு கையாலும் அள்ளியது யாருடைய நீர்?

அப்புறம் கரையில் பொரி வாங்கி மீனுக்குப் போட்டிருப்பீர்கள். பாபநாசம் போய் பொரி போடாமல் வந்தவர் யார்? கோயிலுக்கு முன்னால் மொய்க்கும் அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை, குழம்பு வைப்பதில்லை. அவை உங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தன?

வேட்டி விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் தண்ணீர் வற்றியிருந்தபோது படித்துறைக்குக் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஆட்டுக்கிடா படுத்திருப்பது போல ஒரு மூட்டை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கூட வந்தவரும் சேர்ந்து இழுத்தபோது வேட்டி ஒன்று வந்தது, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு சேலை, அதற்குள் துண்டு, சட்டை, கறுத்த சேறு. சேற்றின் வாடையில் கூட வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வேட்டியின் பச்சைக் கரை மட்டும் நேற்று கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தது. பாலியெஸ்டர் கலந்த நூல். முழுப் பருத்தி என்றாலாவது மக்கித் தொலைந்திருக்கும். ஆற்றைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர்கள் இப்படித்தான் டன் கணக்கில் துணியை அள்ளி மேலே போடுகிறார்கள். அந்தப் பச்சைக் கரை வேட்டி யாரோ ஒருவர் தன் அப்பாவை நினைத்துக்கொண்டு விட்டதுதான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அப்பாவின் காரியத்தை முடிக்க அவர் ஆற்றை ஒரு குப்பைத் தொட்டியாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதையும் மென்று முழுங்க முடியவில்லை.

‘தண்ணீர் வேண்டும், அதனால் காப்போம்’ என்பது போதாதா என்கிறீர்கள். போதாது. மழை வருடத்தில் பேப்பரைப் பாருங்கள்: ‘தாமிரபரணித் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது.’ எட்டு அணைக்கட்டிலும் மறித்தது போக மிச்சம் புன்னைக்காயலில் கடலைத் தொடுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘வீண்’. முகத்துவாரத்து மீனுக்கும் நண்டுக்கும் அது வீணா? தேவைக் கணக்கு போட்டால் இப்படித்தான் முடியும். மணல் அள்ளியவனும் தேவை என்றுதான் அள்ளினான். வீடு கட்ட வேண்டாமா என்றான். அவனுக்கு உங்கள் கணக்கில் பதில் கிடையாது.

கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்தது 1994-இல். அதற்கு வெகு காலம் முன்பே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வந்து வீட்டு மரங்களில் கூடு கட்டிக்கொண்டிருந்தன. தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. எருவுக்காகத்தானே என்பீர்கள். சரி, எச்சம் ஊறிய வண்டலை வயலுக்கு அடிப்பது உண்மைதான். ஆனால் யூரியா மூட்டை கடைக்கு வந்து எத்தனை காலம் ஆயிற்று! எரு மட்டுமே காரணம் என்றால் அன்றைக்கே வேட்டுப் போட்டு விரட்டியிருக்கலாமே. சீசன் நேரத்தில் நீங்கள் அங்கே போனதில்லை என்று நினைக்கிறேன். மரத்தடியில் குஞ்சுகள் தவறவிட்ட மீன் அழுகிக் கிடக்கும், முற்றத்தில் துணி காயப்போட முடியாது, ராத்திரி முழுக்கக் குஞ்சுகளின் இரைச்சல். ஒரு வீட்டு வாசலில் நின்று, “எப்படி ஆச்சி இந்த நாத்தத்தில இருக்கிய?” என்று கேட்டுவிட்டேன்.

“பிள்ளை பெத்த வீடுன்னா அப்படித்தானய்யா இருக்கும். பேறுகாலத்துக்கு வந்தவள வெளிய போன்னா சொல்லுவாவ?” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார், உலையில் அரிசி இருந்தது.

இதைக் கவிதை என்று தள்ளிவிடுவீர்கள். எனக்கு இது முறை. சீர் செய்கிற முறை, எடுத்து வளர்க்கிற முறை மாதிரி. தாய்வீட்டுக்கு வந்த பெண்ணிடம் யாரும் வாக்கு எழுதி வாங்குவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். அரசியல் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 51-ஏ பிரிவு, காடு, ஏரி, ஆறு, காட்டுயிர்களைக் காப்பதும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் குடிமக்கள் கடமை என்கிறது. 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஒரு மனிதருக்குள்ளது போன்ற உரிமைகள் இயற்கைக்கும் உண்டு என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. சொல்லட்டும். வரதட்சணை கூடாது என்றும் 1961-லிருந்து சட்டம் இருக்கிறது.

உங்கள் கடைசி வரிதான் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. மஞ்சோலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,000 ஏக்கருக்கு மேல் 99 வருடக் குத்தகைக்கு வாங்கி, காட்டைத் திருத்தித் தேயிலை போட்டார்கள் கம்பெனிக்காரர்கள். லாபம் யாருக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். குத்தகை முடிய 2028 வரை இருக்கும்போதே, 2024-இல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை மலையிறங்கச் சொன்னார்கள். காட்டுக்குப் பட்ட கடன் என்று ஒன்று இருந்தால் எடுத்தவன்தான் முதலில் கட்ட வேண்டும். லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த தொழிலாளி தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. இதில் உங்கள் பக்கம்தான் நான். இயற்கையின் பெயரால் ஏழையை விரட்டுவது இங்கே வாடிக்கையாகிவிட்டது, இயற்கைக்காக வாதாடும் என்னைப் போன்றவர்கள் அதைப் போதுமான அளவு கண்டித்ததும் இல்லை.

ஆனால் ‘தொழிலாளிக்கே இல்லை, ஆற்றுக்கு எதற்கு?’ என்று நீங்கள் வரிசை போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தாமிரபரணி மணலுக்காக 2010-இல் மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடித் தடை வாங்கியவர் யார்? ஸ்ரீவைகுண்டத்துக்காரர் நல்லகண்ணு. அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். விவசாயக் கூலிகளுக்காகவே வாழ்நாளைச் செலவழித்த மனுஷன், ஜெயிலில் கிடந்தவர். கூலியின் பாடு முடியட்டும், அப்புறம் ஆற்றைப் பார்க்கலாம் என்று அவர் ஒத்திவைக்கவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கும் போவீர்கள், போக வேண்டும். தர்ப்பணம் கொடுங்கள், மீனுக்குப் பொரி போடுங்கள். வேட்டியைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள். ஈரமாகத்தான் இருக்கும், கையோடு ஒரு பை கொண்டுபோங்கள்.