ரெஸ்யூம் போகிறது, அழைப்பு வரவில்லையே!

கேள்வி: இணையத்தில் கிடைத்த அழகான டெம்ப்ளேட் ஒன்றில் ரெஸ்யூம் தயாரித்தேன். இடப்பக்கம் கலர் பட்டையில் போன் நம்பரும் திறமைகளும், வலப்பக்கம் அனுபவமும் இருக்கின்றன. நாற்பது இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை. விளம்பரத்தில் கேட்ட தகுதி எல்லாம் எனக்கு இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தகுதி சரியாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த டெம்ப்ளேட்டைத்தான். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பம் நேராக ஹெச்.ஆர். கைக்குப் போவதில்லை. ஏ.டி.எஸ். என்கிற மென்பொருள் அதை வாசித்து பெயர், போன், பதவி, தேதி என்று பிரித்துச் சேமிக்கிறது. ஹெச்.ஆர். அதற்குள் தேடித்தான் ஆளை எடுக்கிறார். உங்களுடையதைப் போல இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்த பக்கத்தைச் சில மென்பொருள்கள் இடமிருந்து வலமாக ஒரே வரியாக வாசித்துவிடும். உங்கள் போன் நம்பரும் பழைய கம்பெனியின் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், பக்கத்தின் ஹெடர் ஆகியவற்றில் இருப்பது விடுபட்டே போகலாம். போன் நம்பர் ஹெடரில் மட்டும் இருந்து அது விடுபட்டால், உங்களை எப்படி அழைப்பார்கள்?

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ரெஸ்யூமின் பி.டி.எஃப்.பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குலையாமல் மேலிருந்து கீழே படிக்க முடிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. வரிகள் கலந்து கிடந்தால் மென்பொருளுக்கும் அப்படியே தெரிய வாய்ப்பு அதிகம். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ஃபைலில் இருப்பது எழுத்தல்ல, படம். ஸ்கேன் செய்த ரெஸ்யூம்களில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும்.

இடம், வலம் என்று பிரிக்காமல், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி மாற்றுங்கள். எழுத்து 11 பாயின்ட், துணைத்தலைப்பு 13, நான்கு பக்கமும் 2 செ.மீ. மார்ஜின் போதும். தலைப்புகள் 'பணி அனுபவம்', 'கல்வி', 'திறன்கள்' என்று வழக்கமானவையாகவே இருக்கட்டும். 'நான் கடந்த பாதை' என்று வைத்தால் உள்ளே இருப்பது அனுபவம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. திறமைக்கு நட்சத்திரம் போடுவதையும் விட்டுவிடுங்கள். எக்செல்லில் ஐந்துக்கு நாலு என்றால் யாருக்கு என்ன புரியும்? 'எக்செல்: பிவட் டேபிள், வி-லுக்அப்' என்று எழுதினால் புரிந்துவிடும்.

கேள்வி: நாலு வருடமாகக் கணக்குப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். 'பில் சரிபார்ப்பு மற்றும் பேமென்ட் பணிகளுக்குப் பொறுப்பு' என்று எழுதியிருக்கிறேன். தினமும் அதே வேலைதான். சாதனை என்று எழுத என்ன இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. தினமும் செய்வதால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பது அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பொருந்தும். உங்களையே நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை? எதைக் கொண்டு? நான் கை வைத்த பிறகு என்ன மாறியது?

பதில்கள் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: 45 சப்ளையர்கள், மாதம் சுமார் 300 பில்கள், இரட்டை பில்களைப் பிடிக்க நீங்களே போட்ட ஓர் எக்செல் ஷீட், மாதக் கணக்கு முடிக்க முன்பு 8 நாள், இப்போது 5 நாள். அப்படியென்றால் வரி இப்படி மாறும்: '45 சப்ளையர்களின் மாதம் சுமார் 300 பில்களை பர்ச்சேஸ் ஆர்டருடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். இரட்டை பில்களைக் கண்டறியும் எக்செல் ஷீட் உருவாக்கியதில், மாதக் கணக்கு முடிப்பு 8 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்தது.'

ஓர் எச்சரிக்கை. இன்டர்வியூவில் 'இந்த 8 எப்படி 5 ஆனது?' என்று கேட்டால் படிப்படியாக விளக்க முடிகிற எண்ணை மட்டுமே எழுதுங்கள். துல்லியமாக நினைவில்லை என்றால் 'சுமார்' போடுங்கள். எண்ணே கிடைக்காத வேலையும் உண்டு. அங்கே செய்ததையும் அதனால் யாருக்கு என்ன எளிதானது என்பதையும் சொன்னால் போதும். இப்போதைய வேலைக்கு இப்படி நாலைந்து வரி, பழையதற்கு இரண்டு.

கேள்வி: ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி ரெஸ்யூம் எழுத வேண்டுமா? நேரமே இல்லை.

பதில்: புதிதாக எழுத வேண்டாம், எடுத்துக் கோத்தால் போதும். இதுவரை செய்த எல்லாவற்றையும் ஒரு மூல ஃபைலில் எழுதி வையுங்கள். அது ஐந்து பக்கம் போனாலும் பரவாயில்லை. அதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. விளம்பரம் வந்ததும் அதில் 'கட்டாயம்' என்று இருப்பதையும் இரண்டு முறை வருவதையும் அடிக்கோடிடுங்கள். அவற்றுக்குப் பொருந்தும் வரிகளை மூல ஃபைலிலிருந்து எடுத்து முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பழகிவிட்டால் இருபது நிமிட வேலைதான்.

சொல்லையும் கவனியுங்கள். அவர்கள் 'வெண்டர் மேனேஜ்மென்ட்' என்று கேட்டிருக்க, நீங்கள் 'சப்ளையர் தொடர்பு' என்று எழுதியிருந்தால் தேடலில் சிக்காமல் போகலாம். விளம்பரத்தின் சொல்லையே போடுங்கள், அந்த வேலை உங்களுக்குத் தெரிந்திருந்தால். வெள்ளை எழுத்தில் சொற்களை மறைத்து நிரப்பும் தந்திரம் வேண்டவே வேண்டாம். மென்பொருள் பிரித்தெடுத்த எழுத்தில் அத்தனையும் வெளியே தெரியும்.

1482 வாக்கில் இத்தாலியின் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு லியொனார்டோ டா வின்சி தயாரித்த கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனவர், ஓவியத்தைக் கடைசிப் பகுதியில்தான் தொடுகிறார். ஆட்சியாளருக்குப் பயன்படுவது எதுவோ அது முன்னால் வந்துவிட்டது.

கேள்வி: உடல்நலமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள மூன்று வருடம் வேலையை விட்டேன். அந்த இடைவெளியை எப்படி மறைப்பது?

பதில்: மறைக்காதீர்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் போட்டால், படிப்பவர் இல்லாததையும் சேர்த்து சந்தேகிப்பார். பணி அனுபவத்தின் வரிசையிலேயே மாதம், ஆண்டுடன் 'குடும்பப் பராமரிப்புக்காகப் பணி இடைவெளி' என்று ஒரே வரி எழுதுங்கள். நோயின் விவரம் தேவையில்லை. அந்தக் காலத்தில் முடித்த பயிற்சியோ பகுதிநேர வேலையோ இருந்தால் அதன் கீழே சேருங்கள். இல்லையென்றால், விண்ணப்பிக்கும் துறைக்கான சிறு பயிற்சி ஒன்றை இப்போதே தொடங்கி, 'தற்போது பயில்கிறேன்' என்று குறிப்பிடலாம்.

கேள்வி: ரெஸ்யூமில் ஃபோட்டோ வைக்கலாமா?

பதில்: விளம்பரத்தில் கேட்டிருந்தால் வையுங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு வேண்டாம். பாரபட்சப் புகாருக்கு இடம் தரக்கூடாது என்று அங்கே தவிர்க்கிறார்கள். ஜெர்மனியில் ஃபோட்டோ வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வயது, திருமண விவரத்துக்கும் இதேதான்: கேட்காத இடத்தில் தேவையில்லை. மிச்சமாகும் இடத்தில் அனுபவத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதலாம்.