டிஸ்க் 100 சதவீதம், வேகம் மட்டும் இல்லை

வணக்கம் நண்பரே. கோத்தகிரியில் உங்கள் கடைக் கம்ப்யூட்டர் ஒரு மாதமாக இழுக்கிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், வேகமோ நொடிக்கு 2 எம்.பி. கூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது வைரஸாகத் தெரியவில்லை.

முதல் வேலையாகக் கணக்கு ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். அதற்கு முன் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க், ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃபிராக் எதையும் ஓட்ட வேண்டாம். பழுதான டிஸ்க்கை அது இன்னும் வாட்டும்.

அப்புறம் டிஸ்க் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். சி5 என்ற வரியில் 0-க்கு மேல் இருந்தால், படிக்க முடியாத இடத்தையே டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் மாற்றிவிடுவதுதான் நல்லது, சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். தகவல் கேபிள் வழியே போகும்போது வரும் பிழைகளைக் காட்டும் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

குன்னூரில் எனக்கு ஐப்பசி மழையில் இதேதான் நடந்தது. ஜன்னலோரம் மெஷினை வைத்திருந்தேன், மூடுபனியின் ஈரத்தில் கேபிள் முனை கறுத்துவிட்டது. புதுக் கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது. உங்கள் மெஷின் தரையிலோ ஜன்னலோரமோ இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.

சி5, சி7 எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.